கோணலாக ஒட்டத் தெரிந்தவர்

பள்ளிக்கூடத்தின் பெரிய கேட்டுக்கு எதிர்வரிசையில், மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கினாற்போல் நிற்கிறது அந்தக் கடை. வாசலில் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் அது சார்ட்டக்கா கடை. உள்ளே இருப்பவர் சார்ட்டக்கா.

முன்பக்கம் பார்த்தால் சாதாரணக் கடைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் பென்சில், ரப்பர், ஸ்கெட்ச் பேனா. சுவரோரம் சுருட்டி நிறுத்திய சார்ட் தாள்கள், அவற்றுக்குப் பின்னால் தெர்மாகோல் பலகைகள். அசல் வேலை நடந்தது திரைக்குப் பின்னால் இருந்த அறையில். அங்கே ஒரு நீள மேசை, தலைக்கு மேல் ஒரு குழல்விளக்கு, ஆணிகளில் தொங்கும் கத்தரிகள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் அந்த மேசையில்தான் முடிந்தது. எரிமலை, இதயம், சூரியக் குடும்பம், காற்றாலை எல்லாம் அங்கே உருவாகி, செய்தித்தாளில் சுற்றப்பட்டு, காலையில் பிள்ளைகளின் கையில் ஏறி, சாலையைக் கடந்து வகுப்பறைக்குப் போயின.

நன்றாகச் செய்கிறார் என்பதற்காக மட்டும் யாரும் அவரிடம் வரவில்லை. நன்றாகச் செய்கிறவர்கள் அடுத்த தெருவிலும் இருந்தார்கள். சார்ட்டக்காவுக்கு மோசமாகச் செய்யத் தெரியும். அதற்காகத்தான் வந்தார்கள்.

அது அவருக்குச் சுலபமாக வந்ததல்ல. அவருடைய அப்பா படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தவர். சின்ன வயதிலிருந்தே அட்டை வெட்டி, மூலை சேர்த்து, நூல் பிடித்தாற்போல் ஒட்டிப் பழகிய கை. கல்யாணமாகி இந்தக் கடையைத் திறந்த புதிதில், ஒரு தகப்பனார் கேட்டாரென்று தெர்மாகோலில் ஒரு பாலம் செய்து கொடுத்தார். இரண்டு நாளில் அந்த ஆள் பாலத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்னக்கா இது? மூணாவது படிக்கிற பையனுக்குக் கேட்டா, அரசாங்கத்துக்குக் கட்டுற மாதிரி கட்டிக் குடுத்திருக்கீங்க. 'இதை உங்க வீட்ல யார் செஞ்சா, பொதுப்பணித் துறையா'ன்னு டீச்சர் கேட்டாங்களாம்."

சார்ட்டக்காவுக்கு அது அவமானமாகப் படவில்லை. தெரியாத ஒரு வேலை எதிரே வந்து நிற்கிறது என்றுதான் பட்டது. அந்த வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்துக் காவலாளி பழைய சார்ட்டுகளைக் குப்பைக்கு அள்ளிக்கொண்டு போனபோது, வழிமறித்து, ஒரு கட்டு கேட்டு வாங்கினார். மத்தியான நேரங்களில் கூட்டமில்லாதபோது அவற்றை மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. குழந்தைகள் கோணலாக எழுதுவதில்லை. நேராக எழுதப் பார்த்து, முடியாமல் போகிறது. முடியாமல் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. தலைப்பின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடுவார்கள். தாள் முடியப் போவது பாதியில்தான் தெரியும். கடைசி எழுத்துகள் பஸ்ஸில் நிற்கிறவர்கள் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வட்டம் வெட்டினால் கத்தரி எங்கெங்கே நின்றதோ அங்கெல்லாம் ஒரு மூலை இருக்கும். வானத்துக்கு வண்ணம் தீட்டினால் இடது ஓரம் அடர்த்தியாகவும், கை சலித்த இடத்திலிருந்து வெளிறியும் இருக்கும். பசை எப்போதும் அதிகம். வழிந்ததைத் துடைத்த விரல் பக்கத்திலேயே பதிந்திருக்கும்.

இதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டபின் அவருடைய சார்ட்டுகளை யாரும் திருப்பிக் கொண்டு வரவில்லை.

"பையனோட நோட்டு ஏதாச்சும் எடுத்துட்டு வந்திருக்கீங்களா? எழுத்து பாக்கணும்," என்று கேட்பார். பார்த்துவிட்டு, "இடது கைப் பிள்ளையா?" என்பார். வந்தவருக்குத் தூக்கிவாரிப் போடும்.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றால், வீட்டுப்பாடத்தைப் பற்றி உலகத்தில் உள்ள எல்லாக் கருத்தையும் ஒரே மாலையில் கேட்கலாம். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் டையைத் தளர்த்திக்கொண்டே வருவார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலக்கா. ஸ்கூல் ஃபீஸ் கட்டினது பையனுக்கா, எனக்கா? வேலையெல்லாம் எனக்குல்ல குடுக்கறாங்க. வீட்டுப்பாடமே கூடாதுன்னு சட்டம் போடணும்."

பக்கத்தில் நிற்கிற அம்மா ஒருவர் விடமாட்டார். "அப்படிச் சொல்லாதீங்க சார். எங்க வீட்ல அது ஒண்ணு இருக்கறதாலதான் அந்த ஃபோனை ஒரு மணி நேரம் கீழ வைக்கிறான். இன்னும் ரெண்டு பக்கம் சேத்துக் குடுத்தா நான் கும்புடுவேன்."

"அந்த ஒரு மணி நேரமும் யார் பக்கத்துல உக்காந்திருக்கறது? நீங்களா அவனா எழுதறது?"

"நான் சொல்லுவேன், அவன் எழுதுவான்."

"பாத்தீங்களா."

"என்ன பாத்தீங்களா? சொல்றதைக் கேட்டு எழுதவும் தெரியணும்ல?"

சார்ட்டக்கா இதில் வாயைத் திறந்ததில்லை. வீட்டுப்பாடம் நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் சார்ட் விற்கும். அவருடைய கணவர்தான் வம்புக்கு இழுப்பார். அவர் அதே பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். மத்தியானம் வண்டியை நிழலில் போட்டுவிட்டுக் கடையில் வந்து உட்காருவார்.

"நான் புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடறேன். நீ படிக்க விடாமப் பாத்துக்கறே. நல்ல குடும்பம் நம்மளுது."

"டீயைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க," என்பார் சார்ட்டக்கா, கத்தரியிலிருந்து கண் எடுக்காமல்.

அவர்களுக்கு ஒரே மகள். அதே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் பாப்பா. மகளின் வீட்டுப்பாடத்தை மட்டும் சார்ட்டக்கா தொட்டதே கிடையாது. அப்படி ஒரு சட்டம் என்று யாரும் உட்கார்ந்து போட்டுக்கொள்ளவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்து முடித்துவிட்டு நிமிரும்போது கை ஓய்ந்திருக்கும்; பாப்பாவும் கேட்டதில்லை. அவளுக்கு மேசைக்கு அடியில்தான் இடம். மேலேயிருந்து விழும் அட்டைத் துண்டு, தெர்மாகோல் துணுக்கு, மீந்த வண்ணத்தாள் எல்லாம் அவளுடைய சொத்து. நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து அங்கேயே உட்கார்ந்து வெட்டியும் ஒட்டியும், கணக்கில் தடுமாறுகிற பிள்ளையாக இருந்தாலும், கை மட்டும் அம்மாவின் பழைய கையாக வளர்ந்துவிட்டது. அம்மா படச்சட்டக் கடையில் பழகிய அந்தக் கை. ஓரம் வெட்டினால் நேராக வெட்டினாள். எழுத்தைத் தாளின் அகலம் பார்த்து எழுதினாள்.

அந்தப் பருவத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் கொடுத்த வேலை, 'எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வழி' என்று ஒரு மாதிரி உருவம் செய்வது. அந்த வாரம் கடையில் சரியான கூட்டம். எல்லாப் பெற்றோருக்கும் ஒரே மாதிரியாக ஒரு வீடு, ஒரு தொட்டி, நீலத்தில் ஒரு குழாய். சார்ட்டக்கா ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கோணலைக் கொடுத்தார். ஒரு வீட்டுக்குச் சன்னல் சாய்ந்தது, ஒரு வீட்டுக்குக் கூரை பசையில் ஊறியது.

பாப்பா யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தன்னுடையதைச் செய்துகொண்டிருந்தாள். அவர்கள் குடியிருந்தது கடையிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. கீழ்வீட்டு அத்தையிடம் கேட்டு அங்கே குழாயடியில் ஒரு குவளையை வைத்து நிரம்பும்வரை வாய்விட்டு எண்ணினாள். அப்புறம் மாடிக்கு ஓடிவந்து அங்கேயும் வைத்து எண்ணினாள். மாடியில் அதிக நேரம் பிடித்தது. ஏன் என்று அப்பாவைக் கேட்டாள்.

"வேனுக்கும் அப்படித்தான் பாப்பா. எறக்கம் நெறைய இருந்தா ஓட்டம் வேகமா இருக்கும். நம்ம வீடு தொட்டிக்குப் பக்கத்துல இருக்குல்ல? தண்ணிக்கு எறக்கம் கம்மி."

அவள் அதை அப்படியே செய்தாள். ஒரு பிளாஸ்டிக் டப்பா மேலே தொட்டியாக. அதிலிருந்து இரண்டு ஸ்ட்ராக்கள், ஒன்று மாடிக்கு, ஒன்று கீழ்வீட்டுக்கு. தொட்டியைச் சுற்றி ஒரு பட்டையாக நீலத்தாள். டப்பாவில் தண்ணீர் ஊற்றினால் இரண்டிலும் வரும்; கீழே கொஞ்சம் வேகமாக வரும். படிக்கட்டுகூட வெட்டியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தாளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். எழுத்துகள் ஒரே அளவில், ஓரத்துக்கு ஓரம் சமமாக இடம் விட்டு நின்றன.

முடித்து மேசைமேல் வைத்தபோது சார்ட்டக்கா குனிந்து நெடுநேரம் பார்த்தார். பெருமை வந்தது. கூடவே பயமும். அந்த மேசையில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவருக்கு அது ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. இதைப் பார்க்கிற யாரும் ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்ததென்று சொல்லமாட்டார்கள். அதுவும் சார்ட்டக்கா மகள் கொண்டுபோனால்.

"பாப்பா, ரொம்ப நல்லா இருக்குடா. இந்த எழுத்து இருக்குல்ல, அதை மட்டும் கொஞ்சம்..."

"என்ன, சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் சாச்சு எழுதேன்."

"ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்," என்றார்.

"நேரா எழுதறதுக்கு எவ்ளோ நேரமாச்சு தெரியுமா," என்று சொல்லிவிட்டுப் பாப்பா விளையாடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் சார்ட்டக்கா அந்தத் தப்பைச் செய்தார். வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மாதிரியில், தொட்டியின்மேல் இருந்த பெயரை நகத்தால் மெதுவாக உரித்தார். புதிதாக ஒரு துண்டுத் தாள் எடுத்து, 'மேல்நிலைத் தொட்டி' என்று முதல் எழுத்தைப் பெரிதாகத் தொடங்கி, கடைசியில் நெருக்கியடித்து எழுதினார். சற்றுச் சாய்வாக ஒட்டி, வழிந்த பசையைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். ஒரே ஒரு லேபிள். டீச்சரின் கண் முதலில் அதில் விழுந்தால், மீதியையும் பிள்ளை செய்ததென்று நம்புவார் என்று அவர் கணக்குப் போட்டார். பிறகு செய்தித்தாளில் சுற்றிக் கட்டி, வேனில் பத்திரமாக ஏற்றினார்.

சாயங்காலம் பாப்பா கடைக்கு வரவில்லை. வேனிலிருந்து நேராக வீட்டில் இறங்கிக்கொண்டாள். கணவர்தான் வந்தார். டீ கேட்கவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் சார்ட்டக்கா.

"வண்டில பசங்க பேசிட்டு வந்தாங்க. பாப்பாவோடது கடைல செஞ்சதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்களாம். மார்க் கிடையாதாம். மத்தவங்களோடதை எல்லாம் சன்னலோரமா அடுக்கி வெச்சுட்டு, இவளோடதை மட்டும் திருப்பிக் குடுத்துட்டாங்களாம்."

"மத்தவங்களோடதையா?"

"உன் மேசைல செஞ்சதை எல்லாம்தான். அந்த வங்கிக்காரர் பையன் இருக்கானே, அவன் சிரிக்கறான். 'ஏய், உங்க அம்மா எனக்கு செஞ்சதுக்கே மார்க் வந்துருச்சு, உனக்கு வரலயே'ங்கறான். நான் கண்ணாடில அவளைப் பாத்தேன். வெளிய பாத்துக்கிட்டே வந்தா."

சார்ட்டக்கா கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பாப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாதிரி தரையில், பிரிக்காத செய்தித்தாளுக்குள் இருந்தது.

"நீ செஞ்சதுன்னு டீச்சர்ட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அந்த லேபிளைக் காட்டி, 'இது நீ எழுதினதா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"அம்மா எழுதினதுன்னு சொல்லியிருக்கலாமே."

பாப்பா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா உன்னைத் திட்டுவாங்கள்ல? அப்புறம் எல்லாருக்கும் நீ செஞ்சு குடுக்கறது தெரிஞ்சுடும்ல?" பிறகு, "நீ ஏம்மா தொட்டே?" என்றாள்.

"நல்லா இருந்துச்சுடா. அதான் பயமா இருந்துச்சு."

அது ஒரு பதிலாக அந்தப் பிள்ளைக்குப் படவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணவரிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார். "போய்ச் சொல்லப்போறியா? சொன்னா இவளுக்கு மார்க் வரும். கடை என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ."

"மார்க் வராட்டிப் போகுது. அவ பொய் சொன்னான்னு அந்த டீச்சர் நெனச்சுட்டு இருக்கக் கூடாது."

"அப்ப போ," என்றார். "நான் கடையைப் பாத்துக்கறேன். ஆனா சார்ட் கேட்டு வந்தா எனக்கு வெலை தெரியாது."

மறுநாள் பள்ளி விட்டதும் சார்ட்டக்கா சாலையைக் கடந்தார். எதிரே இருந்த பள்ளிக்கூடம்தான். பெற்றோர் கூட்டம் தவிர அவர் உள்ளே போனதில்லை. ஐந்தாம் வகுப்பில் டீச்சர் சன்னலோரம் நின்று மாதிரிகளை அலமாரிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். நரைத்த தலை, கண்ணாடியைக் கழுத்தில் கயிற்றில் மாட்டியிருந்தார். பாப்பா, சுற்றியபடியே திரும்பக் கொண்டுவந்திருந்த தன் மாதிரியைக் கட்டிப் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றாள்.

"வாங்க," என்றார் டீச்சர். "உக்காருங்க. அந்தப் பெஞ்சு சின்னது, பரவாயில்லையா?"

சார்ட்டக்கா உட்காரவில்லை. "டீச்சர், பாப்பாவோடதுல அந்தத் தொட்டி லேபிள் நான் எழுதினது. அது ஒண்ணுதான் என்னோடது. மீதி எல்லாம் அவ செஞ்சது. அவ நேரா எழுதியிருந்தா. நீங்க நம்ப மாட்டீங்கன்னு நான் உரிச்சுட்டு வேற ஒட்டினேன்."

டீச்சர் அலமாரிக் கதவை முழுக்கத் திறந்தார். உள்ளே அந்த வருஷத்துச் சார்ட்டுகளும் மாதிரிகளும் அடுக்கடுக்காக இருந்தன.

"அவளோடதுல மத்ததை எல்லாம் பாத்தப்போ, அவளே செஞ்சிருப்பாளோன்னுதான் முதல்ல நெனச்சேன். கை சுத்தமா இருந்துச்சு. இந்த லேபிளைப் பாத்ததும்தான் கடைச் சரக்குன்னு முடிவு பண்ணிட்டேன்." ஒரு சார்ட்டை உருவி விரித்தார். தலைப்பின் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்து நின்றன. கீழே ஓரத்தில் பசை தேய்த்த தடம். "இந்த நெருக்கலை நான் ரெண்டு வருஷமாப் பாக்கறேன். புள்ளைங்களோட கோணல் போகப் போக மாறும்ங்க. பருவ ஆரம்பத்துல இடிச்சுக்கிட்டு எழுதினவன் முடிவுல கொஞ்சம் தள்ளி எழுதுவான். உங்களோடது மாறவே இல்ல."

சார்ட்டக்கா அந்தச் சார்ட்டையே பார்த்தார். தன் வேலையில் யாரும் கண்டுபிடிக்காத குறை ஒன்றை இன்னொரு வேலைக்காரர் சொன்னதுபோல் இருந்தது. மறுக்கத் தோன்றவில்லை.

"தெரிஞ்சே மார்க் போட்டீங்களா?"

"வேற என்ன பண்றது? அப்பா அம்மா செஞ்சதா, நீங்க செஞ்சதா, யாருமே செய்யாததான்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுக்கிட்டு இருக்க முடியாது. ஆனா சொந்தப் பொண்ணுக்கே செஞ்சு அனுப்பிட்டீங்கன்னு நெனச்சப்போ எனக்குக் கோவம் வந்துருச்சு. அதுதான் நான் செஞ்ச தப்பு."

"அலமாரில எது எது என்னோடதுன்னு கேக்காதீங்க டீச்சர். மத்த புள்ளைங்களை நான் காட்டிக்குடுக்க மாட்டேன்."

"கேக்கல. எனக்கே தெரியும்." டீச்சர் வாசலைப் பார்த்தார். "நீ உள்ள வாம்மா. அதை இங்க மேசைல வை. பிரி."

பாப்பா பிரித்தாள். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று பார்த்தார். எப்படிச் செய்தாய், யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை.

"இதுல உனக்கு எது சரியா வரல?"

பாப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொட்டியைச் சுற்றியிருந்த நீலத்தாளின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து மெதுவாக உரித்தாள். அடியில், டப்பாவின் மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இரண்டு ஓட்டைகள் இருந்தன. மெழுகு ஊற்றி அடைத்து, மேலே டேப் ஒட்டியிருந்தாள்.

"முதல்ல இங்கதான் ஓட்டை போட்டேன் டீச்சர். தொட்டில தண்ணி மேலதானே இருக்கும், அங்கேருந்துதானே வரும்னு நெனச்சுட்டேன். தண்ணி ஊத்தினா வரவே இல்ல. டப்பா முழுக்க ரொம்பினாத்தான் வந்துச்சு. கொஞ்சம் வந்துட்டு நின்னுருச்சு. மீதித் தண்ணி எல்லாம் அப்படியே கெடந்துச்சு. அப்புறம்தான் கீழ போட்டேன்."

"இதை ஏன் மறைச்சே?"

"அசிங்கமா இருந்துச்சு."

டீச்சர் சிரிக்கவில்லை. அந்த மெழுகை விரலால் தொட்டுப் பார்த்தார். சார்ட்டக்காவும் குனிந்து பார்த்தார். அந்த நீலத்தாள் அழகுக்கு ஒட்டியது என்றே அவர் இதுவரை நினைத்திருந்தார். குழந்தைகள் செய்யும் தப்பை எல்லாம் கற்றுவிட்டதாக அவருக்கு ஒரு எண்ணம். அவர் கற்றது கையின் தப்பை. கத்தரி நின்ற இடம், பசை வழிந்த இடம். யோசித்து, தப்பாக முடிவு செய்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, திரும்ப வந்து திருத்திய இந்த இரண்டு ஓட்டைகள் மாதிரி ஒன்றை அவர் யாருக்கும் செய்து கொடுத்ததில்லை. செய்து கொடுக்கவும் முடியாது.

"நாளைக்கு வகுப்புல இதை எல்லாருக்கும் காட்டணும்," என்றார் டீச்சர். "இந்தத் தாளை மறுபடி ஒட்டாதே. நான் நேத்து சொன்னது தப்புன்னு நானும் சொல்லிடறேன். சரியா?"

பாப்பா தலையாட்டினாள். அந்தக் கோணல் லேபிளை உரித்து எடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டாள். சார்ட்டக்கா கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது டீச்சர் கேட்டார். "வீட்டுப்பாடமே வேண்டாம்னு பாதிப் பேர் எழுதிக் குடுத்திருக்காங்க. பத்தலன்னு மீதிப் பேர். ரெண்டு கூட்டமும் உங்க கடைக்குத்தான் வருது. நீங்க என்ன நெனக்கறீங்க?"

"எனக்கு அவ்வளவு தெரியாது டீச்சர். எங்கிட்ட வர்றவங்க வேலை கஷ்டம்னு வர்றதில்ல. புள்ளை செஞ்சா அசிங்கமா இருக்கும், அதை நாலு பேர் பாப்பாங்க, மார்க் கொறையும்னுதான் வர்றாங்க." அந்த லேபிளைக் கையில் மடித்துக்கொண்டே, "நானும் அந்தக் கூட்டம்தான்னு நேத்துதான் தெரிஞ்சுது," என்றார்.

அடுத்த பருவத்திலிருந்து அந்த வகுப்பில் ஒட்டுகிற வெட்டுகிற வேலை எல்லாம் வகுப்பறையிலேயே நடந்தது. வீட்டுக்குப் போனது சின்ன வேலைகள்: எதையாவது பார்த்துவிட்டு வா, யாரிடமாவது கேட்டுவிட்டு வா. மற்ற வகுப்புகளில் பழையபடிதான். வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள்; எல்லாரும் பேசினார்கள், ஒன்றும் முடிவாகவில்லை.

சார்ட்டக்கா தன் கடையில் ஒரு முடிவுக்கு வந்தார். பிள்ளைக் கையால் முடியாததை மட்டும் செய்து தருவார். தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியால் அறுப்பது, கனத்த அட்டையை வெட்டுவது. எழுதவும் ஒட்டவும் மாட்டார். வாடிக்கை குறையத்தான் செய்தது. சிலர் அடுத்த தெருவுக்குப் போனார்கள். வங்கிக்காரர் மட்டும் வழக்கம்போல் வந்து நின்றார்.

"அக்கா, சின்னவனுக்கு, மூணாங் கிளாஸ்ல, நாளைக்குக் காலைல எரிமலை வேணும்."

"அட்டை, களிமண், செவப்பு வண்ணம் எல்லாம் இருக்கு சார். பையனைக் கூட்டிட்டு வாங்க, உள்ள மேசையில உக்காந்து செய்யட்டும்."

"விளையாடறீங்களா? அவனுக்கு என்னக்கா தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தான் குடுத்திருப்பாங்க."

அன்று மாலை அப்பாவும் பையனும் உள்ளே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"அப்பா, விடுப்பா. நான் செய்யறேன்."

"டேய், இதோ இந்த ஓரம் மட்டும்டா."

வேன்காரர் கவுன்ட்டரில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "முன்னெல்லாம் உள்ள அமைதியா இருக்கும்," என்றார்.

பாப்பா அம்மாவோடு பேச்சை நிறுத்தவில்லை. சாப்பிட்டாள், சண்டை போட்டாள், தலை பின்ன உட்கார்ந்தாள். ஆனால் மேசைக்கு அடியில் உட்காருவதை விட்டுவிட்டாள். பள்ளி வேலை எது இருந்தாலும் வேனின் பின்சீட்டில் வைத்துச் செய்தாள். முடித்ததை அங்கேயே சீட்டுக்கு அடியில் வைத்தாள். அப்பாவிடம் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக் கதவைப் பூட்டவும் கற்றுக்கொண்டாள். சார்ட்டக்கா எதுவும் கேட்கவில்லை. மகள் வண்டிக்குள் குனிந்திருப்பது கடையிலிருந்து தெரியும். தெரிந்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது, வீட்டருகே மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள். வரைந்து வந்தால் போதும். பாப்பாவுக்கு அது போதவில்லை. தெருவையே அட்டையில் சரிவாகச் செய்து தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டுமென்று ஆசை. அட்டை வேனுக்குள் கொள்ளவில்லை. பின்சீட்டில் மடங்கியது, கதவில் இடித்தது. கடைசியில் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சார்ட்டக்கா முன்பக்கத்தில் பென்சில்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். உள்ளே அட்டை சரிந்து விழும் சத்தம் கேட்டது. தூக்கி நிறுத்தினாள், மறுபடி விழுந்தது. இரண்டு பக்கச் சுவரையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு ஒட்ட ஒரு ஆளுக்கு இரண்டு கை போதாது. சார்ட்டக்காவுக்கு அது கேட்டாலே தெரியும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா."

"என்னடா?"

"இங்க வந்து இதைப் பிடிச்சுக்கோ. பிடிச்சுக்கிட்டா மட்டும் போதும்."

சார்ட்டக்கா உள்ளே போய் மேசையோரம் நின்று, காட்டிய இடத்தில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். சுவர் ஒரு நூல் சாய்ந்திருந்தது. அவர் கண்ணுக்கு அது உடனே பட்டது. வாய்வரை வந்தது. பாப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு பசையைத் தடவி, அழுத்தி, குனிந்து ஓரத்தைப் பார்த்தாள். அவளுக்கே தெரிந்துவிட்டது. ஒட்டியதைப் பிரித்துவிட்டு மறுபடி தடவத் தொடங்கினாள்.

"கை வலிக்குதா?" என்றாள், நிமிராமல்.

"இல்ல. நீ மெதுவாச் செய்," என்று சொல்லிவிட்டு, சார்ட்டக்கா பிடித்தபடியே நின்றார்.